கப்பலோடு வந்த குட்டி

கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் டீச்சர் தன் மாணவர்களைக் கட்டிப்போடாத குறையாகத்தான் பாடம் கேட்க வைத்தாள். சொகுசுக் கப்பலிலோ, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் காலைப் பலகாரத்தை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடிவந்து அவள் பேச்சுக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கிறார்கள். "டீச்சர், திமிங்கல வாந்திக்கு ஏகப்பட்ட கிராக்கியாமே, நமக்கு ஒரு கட்டி கிடைக்குமா?" என்று தினமும் ஒருவராவது கேட்பார். "கிடைச்சா நான் ஏங்க உங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு நிக்கிறேன்?" என்பாள். அரங்கமே கொல்லென்று சிரிக்கும்.

கடல், பறவை, மீன் எல்லாம் அவள் பாடு. கப்பல் சரித்திரம் அவளுடைய வீட்டுக்காரர் பாடு. அந்த மனுஷன் பாடுதான் திண்டாட்டம். நடுக்கடலில் இருப்பவர்களிடம் முழுகிய கப்பலைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது நிகழ்ச்சி மேனேஜரின் கட்டளை. தீப்பிடித்த கப்பலும் கூடாது, கொள்ளைநோய் கண்ட கப்பலும் கூடாது. "அப்புறம் சரித்திரத்துல என்னதான் மிச்சம்? பத்திரமா போய்ச் சேர்ந்த கப்பலைப் பத்தி எவன் எழுதி வச்சிருக்கான், சொல்லு!" என்று அறைக்கு வந்து குதிப்பார். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை அது, குதிக்கவும் இடம் கிடையாது. பயணிகள் அவருக்கு 'முழுகாத கப்பல் சார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

என்ன இருந்தாலும் இரண்டு பேருக்கும் இந்தப் பிழைப்பு பிடித்துத்தான் இருந்தது. பயணிகள் சிரித்த முகத்தோடு இறங்கினால் அடுத்த பருவமும் கூப்பிடுவார்கள். முகம் சுளித்தால் அத்தோடு சரி.

அன்றைய நிகழ்ச்சிக்குத் 'திமிங்கலக் காலை' என்று பெயர். முந்தின நாளே கேப்டன் அவளைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டி, எங்கே போனால் கட்டாயம் பார்க்கலாம் என்று கேட்டிருந்தார். ஆழம் திடீரென்று இறங்கும் ஒரு பள்ளத்தின் மேல் அவள் விரலை வைத்தாள். "இங்கதான் சார். பெரிய தலைத் திமிங்கலம். தாயும் பிள்ளையுமா கூட்டமா இருக்கும்." கப்பல் அந்தப் பக்கம் திரும்பியது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலைக் காபியின்போது ஒரு குலுக்கல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. தட்டில் இருந்த கரண்டி கிணுகிணுத்தது, காபி தளும்பிச் சட்டையில் கொட்டியது. "என்ன இது, ஸ்பீட் பிரேக்கர் மேல ஏறிட்டாங்களா?" என்றார் வீட்டுக்காரர். பக்கத்து மேசையும் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இங்கே அடியில் பாறையும் இல்லை, மணலும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் கப்பலின் வேகத்தைக் குறைத்தார்கள். அவள் வழக்கம்போல் மேலே போய், கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையின் ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து அவள் பேசுவது எல்லாத் தளங்களிலும் கேட்கும். கேப்டனும் உதவி மாலுமியும் ஒரு திரையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஓடுகிற ஓட்டத்துக்குக் கப்பல் போகவில்லையாம், எதையோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறதாம். அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் அது தெரிந்தது. கப்பலை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. இடப்பக்கமாகச் சாய்ந்து எழுகிற மூச்சுத் தூறல். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எல்லாரும் வலது பக்கம் வாங்க! குட்டி! திமிங்கலக் குட்டி! நம்ம கப்பலோட கூடவே வருது பாருங்க!"

அடடா, கூட்டம் என்ன கூட்டம்! கம்பித் தடுப்பு தெரியாமல் மனிதத் தலைகள். குளியல் துண்டோடு வந்தவர்கள் பாதி, செருப்பில்லாமல் வந்தவர்கள் மீதி. கைதட்டலும் விசிலும் கீழிருந்து மேலே வந்தன. குட்டி கப்பலை உரசிக்கொண்டு முன்னால் போகும், முகப்புக்கு அடியில் மூழ்கும், மறுபடி எழும். "நம்மளை விட்டுப் போக மாட்டேங்குது, ரொம்பப் பாசக்காரப் பிள்ளை!" என்று மைக்கில் அவளே சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இந்த இனத்தில் குட்டி தனியாக இருக்காது. தாய் இரை தேடி ஆழத்துக்குப் போகும்போது சித்தி, பெரியம்மா என்று யாராவது ஒருத்தி பக்கத்திலேயே நிற்பாள். நேற்றுத்தான் அரங்கத்தில் அதைச் சொல்லி எல்லோரையும் உருக வைத்தாள். இந்தக் குட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. அது போய்ப் போய் முட்டுகிற இடமும் ஒரே இடம். பால் குடிக்கிற பிள்ளை தாயின் வயிற்றுக்கடியில் முட்டுகிற முட்டு அது.

மைக்கை அணைத்தாள். "சார், காலையில எதுல இடிச்சோம்?"

கேப்டன் முகப்பின் பக்கம் கையைக் காட்டினார். உதவி மாலுமி தரையைப் பார்த்தான்.

கப்பலின் முகப்புக்கு அடியில், தண்ணீருக்குள், யானை மத்தகம் போல ஓர் உருண்டை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதன் குறுக்கே தாயின் உடல் மாட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க மேலே வந்தவளுக்கு விலக நேரமில்லை. மேலே நிற்கிற யார் கண்ணுக்கும் அது படாது. குட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

"வேணும்னு செய்யலை மேடம்," என்றார் கேப்டன். நல்ல மனிதர்தான், முகம் வெளுத்திருந்தது. "நாளைக்குத் துறைமுகத்துல ஆள் வச்சு எடுத்துருவோம்."

"நாளைக்கா? அதுவரைக்கும் இந்தப் பிள்ளை?"

அவர் கையை விரித்தார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்துக் காட்டிக்கொடுத்தது யார்? அவள்தானே? பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கூட்டம் இன்னும் இங்கேதான் எங்கேயோ ஆழத்தில் இருக்கும். கப்பலைப் பின்னால் எடுத்து உடலை இங்கேயே விட்டுவிட்டால் குட்டி உடலோடு நின்றுவிடும். சித்திமார் தேடி வருவார்கள், வேறொருத்தி பால் கொடுப்பதுகூட உண்டு. கப்பல் இப்படியே இழுத்துக்கொண்டு போனால் குட்டி எல்லோரையும் இழந்து நடுக்கடலில் பட்டினி கிடந்து சாகும்.

அதற்குள் நிகழ்ச்சி மேனேஜர் வந்துவிட்டான். எந்த நேரமும் பல் தெரிகிற முகம், இப்போது தெரியவில்லை. "பின்னால எடுத்தா பாடி மேல வரும் மேடம். ரத்தம் வரும். இத்தனை பேர் கையிலயும் போன் இருக்கு. நம்ம கம்பெனி பேர் என்னாகும்?" என்றான். "இவங்களை உள்ள அனுப்புங்க. ஒருத்தர்கூட வெளிய இருக்கக்கூடாது. அப்ப கேப்டன் சார் எடுக்கட்டும்."

குட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டத்தை உள்ளே இழுப்பது லேசுப்பட்ட காரியமா? விருந்து என்றால் வரமாட்டார்கள், ஆட்டம் பாட்டு என்றாலும் வரமாட்டார்கள். அவள் ஓடினாள். வீட்டுக்காரர் கூட்டத்தில் நின்று யாரோ ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக் குட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். தனியே இழுத்துக்கொண்டு போய் நாலே வார்த்தையில் சொன்னாள். அந்த மனுஷனின் வாய் அடைத்துப்போனதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"ஏங்க, முழுகின கப்பலைப் பத்திப் பேசுங்க. எல்லாத்தையும் பேசுங்க."

சற்று நேரத்தில் எல்லாத் தளங்களிலும் அவர் குரல் கேட்டது. "இத்தனை நாளா நிர்வாகம் பேசக்கூடாதுன்னு என் வாயை அடைச்சு வச்சிருந்த விஷயம். முழுகின கப்பல்கள்! இப்பவே, அரங்கத்துல, ஒரே ஒரு தடவை. யாராவது வந்து என் வாயைப் பொத்துறதுக்குள்ள வந்துருங்க!"

சனங்களைப் பற்றி என்ன சொல்ல! ஓடினார்கள். குட்டியாவது ஒன்றாவது. மேல்தளம் துடைத்துவிட்டாற்போல் காலியானது.

அரங்கத்தின் கதவுகளை அடைத்து, திரைகளை இழுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் மேடையில் வெளுத்து வாங்கினார். எந்தக் கப்பல் எப்படிச் சாய்ந்தது, முதலில் ஓடியது யார், கடைசிவரை நின்றது யார். ஒருவர் இமை கொட்டவில்லை. டீச்சர் பின் சுவரில் சாய்ந்து நின்றாள். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. திரை வளையங்கள் கலகலத்தன. எல்லோரும் கப்பல் முன்னால் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் வயிறு மட்டும் பின்னால் போவதை உணர்ந்தது.

"சார், கப்பல் ரிவர்ஸ்ல போற மாதிரி இருக்கே?" என்று ஒருவர் எழுந்தார்.

"சரித்திரம்னா பின்னாலதானே சார் போகணும்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பாவி மனுஷன், எப்படித்தான் சிரித்துப் பேசினாரோ!

அதிர்வு நின்றது. மேனேஜர் கதவிடுக்கில் தலையை நீட்டி, முடிந்தது என்று கட்டைவிரலைக் காட்டினான். அவள் படிகளில் மூச்சிரைக்க ஏறினாள்.

உதவி மாலுமி தொலைநோக்கியை அவளிடம் நீட்டினான். பின்னால், தூரத்தில், கறுப்பாக ஒரு திட்டு மிதந்தது. மேலே பறவைகள் சுற்றத் தொடங்கியிருந்தன. அதற்குப் பக்கத்தில், ஒன்று, இன்னொன்று, இடப்பக்கம் சாய்ந்து மூச்சுத் தூறல்கள். அவள் சொன்னபடியே வந்துவிட்டார்கள்! "வந்துட்டாங்க சார், சித்திங்க வந்துட்டாங்க!" என்று கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். "குட்டி எங்க? எனக்குத் தெரியலையே?"

உதவி மாலுமி கீழே காட்டினான்.

குட்டி கப்பலை ஒட்டி நின்றது. உருண்டையில் முட்டி முட்டி அதன் மூக்கில் கப்பலின் சிவப்புச் சாயம் அப்பியிருந்தது. தாய் நழுவிப் போனதும் அது தாயோடு போகவில்லையாம். காலையிலிருந்து தாயின் உடம்பும் கப்பலின் இரைச்சலும் அதற்கு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். இப்போது அசையாத அந்த உடலை விட்டுவிட்டு, இரைகிற கப்பலிடம் வந்து, அடியில் மூழ்கிப் பாலைத் தேடியது.

இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். போகவில்லை. உடலின் பக்கமாக மெதுவாகத் திருப்பலாம் என்றால், மூச்சுத் தூறல்கள் கப்பலைக் கண்டு விலகின. ஒரு முறை அடிபட்ட கூட்டம், அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் எப்படி வரும்?

அரங்கம் விட்டு வந்த கூட்டம் மறுபடி கம்பித் தடுப்பை நிறைத்தது. "டேய், இன்னும் இருக்குடா! நமக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு!"

"நீங்களே சொல்லுங்க மேடம்," என்றார் கேப்டன். "நான் என்ன செய்யட்டும்?"

நின்றால் கப்பலை விட்டு நகராது. மெதுவாகப் போனால் துறைமுகம்வரை வந்து அங்கே சாகும். அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"வேகமா போங்க சார். எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு. நம்ம சத்தம் விட்டுப் போனாத்தான் அவங்க கூப்பிடுறது அதுக்குக் கேட்கும்."

"திரும்பிப் போகுமா?"

"தெரியலை சார்."

கப்பல் உறுமிக்கொண்டு பாய்ந்தது. குட்டி வாலை அடித்து அடித்துக் கூடவே வந்தது, கொஞ்சம் பிந்தியது, மறுபடி எட்டிப் பிடித்தது, மறுபடி பிந்தியது. கீழே கூச்சல் எழுந்தது. "ஏன் போறோம்? குட்டி பாவம், நிறுத்துங்க!" மேனேஜர் மைக்கை அவள் கையில் திணித்தான். "ஏதாவது நல்லதா சொல்லுங்க மேடம், ப்ளீஸ்."

அவள் மைக்கின் சுவிட்சைப் போட்டாள். "இந்தக் குட்டியோட அம்மாவைக் காலையில நம்ம கப்பல் இடிச்சுக் கொன்னுருச்சு. அது தெரியாம நான் உங்களைக் கூப்பிட்டுக் கைதட்ட வச்சேன். இப்ப நம்ம சத்தத்தை அம்மான்னு நினைச்சு வருது. அதோட சொந்தக்காரங்க பின்னால நிக்கிறாங்க. நாம நின்னா அது திரும்பாது."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இனி இந்தக் கப்பலில் அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை, அது அவளுக்கும் தெரியும். தளங்களில் ஒரு சத்தம் இல்லை. படிக்கட்டு வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

அவள் பின்பக்கக் கண்ணாடிக்கு ஓடினாள், மைக்கின் ஒயர் எட்டும் மட்டும். வெள்ளை நுரைப் பாதையின் நடுவே சின்னதாக ஒரு முதுகு. அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் அந்த இரண்டு தூறல்கள்.

"போ," என்றாள். மைக் போட்டிருந்தது அவளுக்கு ஞாபகமில்லை. "போ கண்ணு. திரும்பிப் போ. நாங்க உனக்கு யாரும் இல்லை. போயேன்... சனியனே, போயேன்!"

எல்லாத் தளங்களிலும் அது கேட்டது. கம்பியைப் பிடித்து நின்ற யாரோ ஒரு பெண், "போ, போ" என்று குட்டியைப் பார்த்துக் கையை வீசினாள். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும்.

குட்டியின் மூச்சுத் தூறல் இன்னொரு தடவை எழுந்தது. அது கப்பலைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது.