காலிப் பத்திகள்

தொம்மலூரில் ஒரு சின்ன அலுவலகம். பார்வையற்றவர்களுக்கு மின்னஞ்சலை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அங்கே பார்சர் எழுதிக்கொண்டிருந்தாள் பார்கவி. கடிதத்துக்குள் மறைந்திருக்கும் குறிகளைப் படித்து, எது தலைப்பு, எது பத்தி என்று பிரிப்பது அந்தப் பார்சரின் வேலை. அதைச் சோதித்துப் பார்ப்பவர் காக்ஸ் டவுனிலிருந்து வரும் டென்சில். நான்கு வருடங்களுக்கு முன் அவருக்குப் பார்வை போனது. மனைவி கேத்தரின் மஸ்கட்டில் நர்ஸ்.

ஒரு மதியம் டென்சில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பார்கவி, இத கொஞ்சம் பாரும்மா. கேத்தி லெட்டர். ரெண்டு மாசமா ஒரே மூச்சுல கடகடன்னு முடிச்சிடுறா. அவ இப்படிப் பேசற ஆளே இல்ல. என்கிட்ட பேசி முடிச்சா போதும்னு ஆயிடுச்சோ என்னமோ."

"நான் படிக்கலாமா சார்?"

"படிம்மா. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு."

'இன்னைக்கு வார்டுல ஒரு பெரியவர் உங்கள மாதிரியே சிரிச்சார்.' அதற்குக் கீழே ஒரு காலிப் பத்தி. இன்னொன்று. அப்புறம்தான் 'சாப்பிட்டீங்களா?' கடிதத்தில் இப்படிப் பதினொரு காலிப் பத்திகள். அவற்றையெல்லாம் தள்ளிவிடும்படி இரண்டு மாதம் முன்பு பார்சரை மாற்றி எழுதியவள் பார்கவியேதான்.

"சார், அவங்க நிறுத்தி நிறுத்திதான் எழுதியிருக்காங்க. நான்தான் அத முழுங்கிட்டேன்."

எழுந்து போய் டீம் லீட் வெங்கியிடம் சொன்னாள்.

அவன் வாசிப்பு மென்பொருள்களுக்கான தரநிலை ஆவணத்தைத் திறந்து காட்டினான். "'காலிப் பத்திகளை விட்டுவிடலாம்'னு போட்டிருக்கே."

"விடலாம்னுதான் இருக்கு, விடணும்னு இல்ல. ஆறு பக்கம் தள்ளிப் பாரு. 'எழுதியவரின் அமைப்பு மாறக் கூடாது'ங்குது. நான் எத கேக்கறது?"

ஆவணத்தை எழுதிய குழுவுக்கே கடிதம் போட்டாள். நான்காம் நாள் பதில் வந்தது. இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம், அடுத்த பதிப்பில் தெளிவாக்குவோம் என்றார்கள்.

"அப்போ நீயே முடிவு பண்ணு" என்றான் வெங்கி.

ஒவ்வொரு காலிப் பத்திக்கும் ஒரு மூச்சளவு மௌனம் வைத்தாள் பார்கவி. பிறகு டென்சிலுக்கு அதே கடிதத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

பெரியவர் சிரித்ததைச் சொல்லிவிட்டுக் குரல் நின்றது. டென்சிலின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. கடிதம் முடியும்வரை அவர் அசையவில்லை.

"போன வாரம் ரெண்டே வரிதான் பதில் போட்டேன், கோவத்துல" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி வெளியே போனார்.

"கேத்தி... இல்லடி, ஒண்ணும் ஆகல. சும்மா கூப்பிட்டேன். டூட்டிக்குப் போற வரைக்கும் பேசு. மெதுவா பேசு."

மறுமுனையில் என்ன சொன்னாளோ, அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.