இரண்டே அளவு

சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டி அருகே நின்றால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனாலேயே ஆய்வக அதிகாரி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. கைக்குட்டையில் அத்தரைத் தடவிக்கொண்டு நாற்காலியிலேயே காலத்தை ஓட்டினார். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் அத்தர் சார். அங்கே உதவியாளராக இருக்கும் அவளுக்கோ அவர் அக்கா புருஷன்; அந்த ஆய்வகத்தில் வேலை வாங்கிக் கொடுத்த புண்ணியவான்.

தொட்டியில் மருந்தைக் கலந்தால் நஞ்சு குறையும். எண்பதில் இருப்பது ஐந்துக்கு இறங்கினால் மதகைத் திறக்கலாம். நான்கு மணி நேரம் போதும் என்று அத்தர் சார் எழுதிக் கொடுத்திருந்தார். அதை நம்பி, தினமும் கால்வாயில் திறந்துவிட்டார்கள். கால்வாயோரத்தில்தான் அக்கா வீடு. அக்கா மகளின் காலில் ஆறாத புண்.

அன்று அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு மணிக்கொருமுறை அளந்தாள். முதல் மணியில் எண்பது நாற்பதானது. முதல் வகை வேதிவினையாக இருந்தால் அடுத்து இருபது, பத்து, ஐந்து என்று பாதி பாதியாகக் குறைய வேண்டும். தொட்டிக்கு அந்தப் பாடம் தெரியவில்லை: இருபத்தேழு, இருபது, பதினாறு. நஞ்சின் செறிவுக்கு மடக்கை எடுத்து வரைந்தாள்; கோடு வளைந்தது. ஒன்றைச் செறிவால் வகுத்து வரைந்தாள். ஸ்கேல் வைத்தாற்போல் நேர்கோடு. இரண்டாம் வகை வினை; பாதியாகும் நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். கோட்டின் சரிவுதான் வேக மாறிலி. அதன்படி ஐந்துக்கு இறங்கப் பதினைந்து மணி நேரம் ஆகும். மனுஷன் இரண்டே அளவு எடுத்துவிட்டு மீதியை உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பியிருக்கிறார். தூ! தொட்டியைவிட இதுதான் அதிகம் நாறியது.

அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து, நான்கு மணி நேரத் தண்ணீரை ஒரு குவளையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

"கருமம்! எடு அத!"

"உங்க கணக்குப்படி இது சுத்தம் மாமா. ஏன் மூக்கப் பொத்துறீங்க?"

வரைபடத்தையும் நீட்டினாள். பார்க்கப் பார்க்க அவர் முகம் செத்துப்போனது.

"ரெண்டு தடவ போய் அளந்தேன். அதுக்கு மேல அந்த நாத்தத்துல நிக்க முடியல."

"உங்க பொண்ணு தினமும் அதுலதான் கால வச்சு விளையாடுறா."

டப்பாவை மூடினார். மதகுக்காரருக்கு போன் போட்டு, காலைவரை திறக்க வேண்டாம் என்றார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். அக்காகிட்டகூட சொல்லிராத."

அந்த அத்தர் வாசனை அவளுக்குக் குமட்டியது.

"பாப்பா புண்ணக் கழுவுறப்ப இந்தத் தொட்டி நாத்தம்தான் அடிச்சிருக்கு. போய் அளந்து பாருடின்னு அனுப்புனதே அக்காதான், மாமா."