தினமும் வந்த கொள்ளைக்காரன்

முதல் முறை தன் கிரகம் கொள்ளை போனபோது யேசுதாஸுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று நாள் தோண்டிச் சேர்த்த தாதுவை ‘ராட்சசன்77’ என்று எவனோ ஒருவன் கப்பல் கப்பலாக அள்ளிப் போயிருந்தான். கைப்பேசி விளையாட்டுதான், ஆனாலும் வயிறு எரிந்தது.

அந்த விண்வெளி விளையாட்டில் ஆளுக்கொரு கிரகம். தாது தோண்டி, கப்பலும் பீரங்கியும் கட்டிப் படை பெருக்க வேண்டும். படை இல்லாதவனை இருக்கிறவன் மொட்டையடிப்பான். யேசுதாஸ் தன் கிரகத்துக்குக் கும்முடிப்பூண்டி என்று பேர் வைத்திருந்தான். அவன் கற்பனை அவ்வளவுதான் ஓடியது.

அந்தப் பேரைப் பார்த்துத்தான் கொள்ளைக்காரன் எழுதினான். “நம்ம பக்கமா நைனா? நான் ஊத்துக்கோட்டை. கோச்சிக்காத, நாளைக்கும் வருவேன்.”

சொன்னபடி வந்தான். மறுநாளும் வந்தான். யேசுதாஸ் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினான். அவன் சிரித்து எழுதினான். “இங்க மழ ஊத்துது நைனா, அங்க எப்பிடி?” திட்டு எப்போது பேச்சாக மாறியது என்று யேசுதாஸுக்கே தெரியாது. 

யேசுதாஸுக்கு நாற்பத்து மூன்று வயது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஆப்பரேட்டர். நாற்பதடி உயரத்தில் கூண்டு. கீழே இருப்பவர்கள் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையைத்தான் ஆட்டுவார்கள். எட்டு மணி நேரமும் அவனோடு ஒரு வார்த்தை பேச யாருக்கும் அவசியமில்லை. கல்யாணம் தட்டித் தட்டிப் போய் அப்படியே நின்றுவிட்டது. அம்மாவும் போன பிறகு, வாடகை அறைக்குத் திரும்பினால் ஃபேன் சத்தம் மட்டும்தான். இந்த நிலையில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒருவன் தவறாமல் வருகிறான் என்றால், கொள்ளையடிக்க வந்தால்தான் என்ன? வருகிறவனுக்குக் குறை வைக்கக் கூடாதென்று யேசுதாஸ் சுரங்கத்தைக்கூடப் பெரிதாக்கினான்.

கெடுத்தது கேன்டீன். விளையாட்டை அவனுக்கு ஏற்றிக் கொடுத்த ஃபிட்டர் வசந்தகுமார் ஒருநாள் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, மேசையே திரும்பும்படி சிரித்தான்.

“இன்னாண்ணே, டெய்லி ஒருத்தன் உன்ன மொட்ட அடிச்சிகினு போறான், நீ சும்மா கீற? ஒரு வாட்டியாவது திருப்பி அடிக்க மாட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். யேசுதாஸுக்குச் சுருக்கென்றது. ரோஷம் பொல்லாதது, அதுவும் பிழைக்கத் தெரியாதவன் ரோஷம்.

கொள்ளைக்காரன் வருவதற்கு முன்பே தாதுவில் பாதியைக் கப்பலாக்கி, ஐந்து மாதம் படை கட்டினான். எதிராளி உளவு பார்க்கும்போது கண்ணில் படாமலிருக்கக் கப்பல்களை வெளியே சுற்ற விட்டு, அவன் வந்து இறங்குவதற்கு ஐந்து வினாடி முன்னால் திரும்ப வைக்க வேண்டும். வசந்தகுமார்தான் தந்திரம் சொல்லிக் கொடுத்தான். மனதில் இருப்பது வாய் தவறி வந்துவிடுமோ என்று யேசுதாஸ் பதில் எழுதுவதையும் நிறுத்தினான்.

“இன்னா நைனா, பேச மாட்டன்ற? ஒடம்பு சரியில்லியா?”

யேசுதாஸ் அன்றைக்கும் இரண்டு கப்பல் கட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அது நடந்தது. ஒரே நிமிடம். ராட்சசனின் முந்நூற்றுப் பன்னிரண்டு கப்பல்களும் பொடிப்பொடி. யேசுதாஸ் கட்டிலில் எழுந்து நின்று கத்தினான். வசந்தகுமாருக்குப் படம் அனுப்பினான். “செம அண்ணே!” என்று வந்தது. கூடவே, விளையாட்டுக்குள் ராட்சசனிடமிருந்தும் ஒன்று வந்தது.

“எல்லாம் போச்சி நைனா. ரெண்டு வருசமா ஒத்த ஆளா சேத்தது. வேற எங்க போனாலும் வேவு பாத்துட்டுதான் போவேன். உன் ஊட்டுக்கு மட்டும் பாக்காமயே வருவேன். சரி, நல்லா இரு.”

யேசுதாஸ் தன் தந்திரத்தையெல்லாம் யாரிடம் காட்டியிருந்தான்! உளவே பார்க்காதவனிடம். யேசுதாஸுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினான். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதினான். ராட்சசன்77 கடைசியாக விளையாட்டுக்குள் வந்து ஏழு நாள், பதினைந்து நாள், நாற்பது நாள் ஆயிற்று என்று திரை கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்துக் கிரகக்காரர்கள் அவன் படையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். வசந்தகுமார் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தால் தடையிருக்கக் கூடாதென்று யேசுதாஸ் தன் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டான். தாது மலையாகக் குவிந்தது.

ஒரு சாயங்காலம் சிவப்பு எச்சரிக்கை மின்னியது. யாரோ வருகிறார்கள். சோற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பேரைக்கூடப் பார்க்காமல் தட்டினான்.

“வா நைனா, வா. காவல் எல்லாம் எட்த்துட்டேன். எவ்ளோ வேணுமோ அள்ளிக்க. ஒரு வார்த்த பேசிட்டுப் போ.”

அனுப்பிய பிறகுதான் பேரைப் பார்த்தான். படிக்கத் தெரியாத ஏதோ எழுத்து. வந்தவன் தாதுவை ஒரு துளி விடாமல் வழித்துக்கொண்டு போன பிறகு பதில் வந்தது. ஒரே ஒரு கேள்விக்குறி.

யேசுதாஸ் அழுதான். ஆறிப்போன சோற்றை அப்புறம் தின்றான்.