கடைசி பெஞ்சில் ஒரு தொப்பி

தம்பி க்ளென் தன் கல்யாணத்துக்கு என்னைத்தான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொன்னான்.

"உன்கிட்டதான் ஒழுங்கான சூட் இருக்குக்கா. என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வாடகைக் கோட்டுல வருவானுங்க."

அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "ஐரின், நீ பேன்ட் கோட்டு போட்டுக்கிட்டு பீடத்துகிட்ட நின்னா, நான் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்குவேன். முதல் பெஞ்சு காலியா கிடக்கட்டும்."

"டோரீன் மகன் கல்யாணத்துல டோரீனைக் காணோம்னு நம்ம மர்பி டவுனே உன்னைப் பத்திப் பேசும்மா."

"பேசட்டும். டோரீன் மகளைப் பத்திப் பேசுறதுக்கு அது தேவலாம்."

சொன்னால் செய்வாள். அதில் நான் அவள் மகள்தான்.

பழைய ஆண்கள் உடுப்புகளைப் பதினைந்து வருடங்களாகச் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்த ட்வீட் கோட்டு, ஆஸ்டின் டவுனில் வீட்டைக் காலி செய்தவர்களிடம் வாங்கிய சாம்பல் நிற மூன்று துண்டு சூட், பிறகு தொப்பிகள். அலமாரி நிறைந்ததால் தொப்பிகள் ஃபிரிட்ஜ் மேல் ஏறின. அம்மா தூசி தட்டும்போதெல்லாம் அவற்றை விளிம்பு கீழே இருக்கும்படி வைப்பாள். நான் எடுத்து மல்லாக்க வைப்பேன். "விளிம்பு கீழ அழுந்துனா வளைவு போயிடும்மா." "ஆமா, பெரிய கிரீடம்," என்பாள். மறுநாள் மறுபடியும் அதே மாதிரி வைத்திருப்பாள்.

ஒரு நாள்தானே, புடவை கட்டினால் என்ன என்று நானும் யோசித்தேன். அம்மா எடுத்துத் தந்திருந்த பச்சைப் பட்டைக் கட்டிக் கண்ணாடி முன் நின்றேன். குறை சொல்ல முடியாது, அழகாகவே இருந்தது. ஆனால் அதற்குள் இருந்தவள் எல்லாம் எப்போது முடியும் என்று காத்திருந்தாள். சூட் போட்டால் என் தோள்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு என்னை நான் மறந்துவிடுவேன். என்னை மறந்தால்தான் அடுத்தவர்களைப் பார்க்க முடிகிறது. க்ளென் தாலி கட்டுவதை நான் பார்க்க வேண்டும். புடவையை மடித்து வைத்தேன்.

கல்யாணத்தன்று மாதா கோவில் வாசலில், ஃபாதருக்கு உதவியாக இருக்கும் கோவில்பிள்ளை ரெமிஜியஸ் கை நீட்டி மறித்தார்.

"தம்பி, தொப்பி." பிறகுதான் முகத்தைப் பார்த்தார். "அட, ஐரினா! அப்ப போட்டுக்கோ. பொம்பளைங்க தலைய மூடிக்கலாம். ஆனா... இது ஆம்பளத் தொப்பியாச்சே. ஆம்பளைங்க கழட்டணும்." தலையைச் சொறிந்தார். "நீயே சொல்லும்மா, என்ன பண்றது?"

இந்த உடுப்பைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடிவை என்னிடமே விட்டவர் இவர் ஒருவர்தான்.

"உடுப்பு எதுவோ முறையும் அதுதாண்ணே," என்று தொப்பியைக் கழற்றினேன். எனக்கு அதில் வருத்தமில்லை. தொப்பி போடுவதில் பாதிச் சுகம் அதைக் கழற்றுவதில் இருக்கிறது.

ஆனால் எங்கே வைப்பது? தாலித் தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். சொன்னபடியே அம்மா கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள், பீடத்தையே பார்த்தபடி. தொப்பியை நீட்டினேன். முகத்தைத் திருப்பாமலே வாங்கிக்கொண்டாள்.

தட்டைப் பிடித்தேன். க்ளென் முதல் முடிச்சில் தடுமாறினான். "மெதுவாடா," என்றேன். போட்டான். அவன் காதுமடல் சிவந்திருந்தது, சின்ன வயதில் சிவப்பது போலவே. எல்லாவற்றையும் பார்த்தேன். காலியாகக் கிடந்த முதல் பெஞ்சையும் பார்த்தேன். வலித்தது. இருந்தும், அந்தப் பச்சைப் பட்டைக் கட்டியிருக்கலாம் என்று தோன்றவில்லை.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. காணிக்கைப் பைகள் முன்வரிசைகளில் நகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் சலசலப்பு. திரும்பினால், நடுவழியில் அம்மா வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் என் தொப்பி, மல்லாந்தபடி. அதற்குள் ரூபாய் நோட்டுகள். பின்னாலேயே ரெமிஜியஸ் காணிக்கைப் பையோடு, "டோரீனம்மா! டோரீனம்மா!" என்று அடிக்குரலில் கூப்பிட்டபடி ஓடி வந்தார்.

பீடத்துக்கு முன் வந்து நின்றாள். ஃபாதர் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது?" என்றேன் கிசுகிசுப்பாக.

"நீ சொல்ற மாதிரிதான்டி மல்லாக்க வெச்சேன், பெஞ்சு ஓரத்துல. கேஜிஎஃப்ல இருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மா காணிக்கைக்குன்னு நெனச்சு நோட்டைப் போட்டுட்டாங்க. அதைப் பார்த்து அந்த வரிசையே போட ஆரம்பிச்சிடுச்சு. போட்ட காணிக்கைய திருப்பிக் குடுக்க முடியுமா? பீடத்துக்குத்தானே வரணும்?"

"உன் பின்னாடியே ரெமிஜியஸ் அண்ணன் பையோட வர்றாரே."

"என் கையில வந்தத நான்தான் குடுக்கணும்."

ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டுகளைக் கூடையில் கவிழ்த்தார். தொப்பியை என்னிடம் நீட்டினார். அம்மா குறுக்கே கை விட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சு வெகுதூரத்தில் இருந்தது. நடுவில் இருந்த அத்தனை முகங்களும் அவளைத்தான் பார்த்தன. அவள் அவசரப்படவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தொப்பியைப் பக்கத்தில் மல்லாக்க வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, மடியில் வைத்து அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

பிறகு தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள். தன் கழுத்தைத் தொட்டு, டை கோணலாக இருக்கிறது என்று ஜாடை காட்டினாள்.

கோணலாக இல்லை. ஆனாலும் சரிசெய்துகொண்டேன்.