வெறுங்காலைக் கண்டால் கடிக்கிற நாய்

பழைய துரை சீமைக்குக் கப்பலேறிய மறுநாளே அவருடைய பங்களா நாயைச் சுட்டுவிடச் சொல்லி, துரைக்கு அடுத்த அதிகாரியான கண்டாக்கையா உத்தரவு போட்டார். புதுத் துரை வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கையா வைத்ததுதான் சட்டம்.

நாயின் பெயர் மேஜர். கன்றுக்குட்டி உயரம். ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்தில் அதனிடம் கடிபடாத ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் கெண்டைக்காலில் நாலு பல் பதிந்த தழும்பு இருக்கிறது. என் பெண்டாட்டி வேலாயிக்கு முழங்கைக்குக் கீழே. பங்களாவுக்கு விறகு கொண்டுபோனால் கடி, சுகமில்லை என்று சொல்லப் போனால் கடி. ஆகவே, காவல்காரன் இராமையா ஒரு கையில் துவக்கும் மறு கையில் கயிறுமாக அதை ஓடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனபோது, திருவிழா பார்ப்பதுபோல எல்லாரும் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றோம். நானும்தான். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

வேலாயி மட்டும் கொழுந்துக் கூடையோடு இறங்கிப் போய்ப் பாதையை மறித்தாள்.

"எங்கடா இழுத்துக்கிட்டுப் போற?"

"சுடத்தான் அக்கா. வழிய விடுங்க. இது என் தொடையவே பாத்துக்கிட்டு வருது."

"கடிக்கப் பழக்குனவன் சொகுசா கப்பல்ல போயிட்டான். பழகுனதுக்கு மட்டும் குண்டா? கயித்தக் குடுடா."

இராமையா யோசிக்கவேயில்லை. கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

அன்று சாயங்காலமே கண்டாக்கையா வந்து லயத்து முனையில் நின்றார். கொய்யா மரத்தில் கட்டியிருந்த நாயையும் வேலாயியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தா பொம்பள, வச்சிக்க. புதுத் தொரை வந்த மறுநா பெரட்டுல இத அவுத்துவிடுவேன். ஒரு ஆள் மேல பல்லு பட்டிச்சோ, அங்கேயே வெடி."

பெரட்டு என்றால் விடிந்ததும் தப்படித்து ஆள் சேர்த்து, பேர் கூப்பிட்டு, வேலை பிரிக்கிற இடம். இருநூறு பேர் நெருக்கியடித்து நிற்கிற இடம். "சரிங்கய்யா" என்றாள் வேலாயி. பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற பேச்சியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, சோலமலைக்குப் போடவே ஒனக்குச் சோறு பத்தல. இதுல தொரை வூட்டு மாப்பிள வேறயா?"

சோலைமலை நான்தான்.

தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பாதை அந்தக் கொய்யா மரத்தை ஒட்டித்தான் போகிறது. முதல் மூன்று நாளும் லயமே ஒரு மலையைச் சுற்றிப் போய்த் தண்ணீர் எடுத்தது. நான் சோற்றுத் தட்டை நீளமான கம்பால் தள்ளிவிடுவேன். மேஜர் கம்பை முதலில் தின்னும், சோற்றைப் பிறகு தின்னும்.

நாலாம் நாள், பேச்சியம்மாவின் மகள் ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேட்க அம்பலவாணர் வாத்தியார் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். குடையை ஊன்றிக்கொண்டு, யோசனையோடு, நேரே மரத்தடிக்கே வந்துவிட்டார். நாங்கள் கத்துவதற்கு வாயைத் திறப்பதற்குள் மேஜர் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் நின்றது. அவர் முன்னால் அடக்கமாக உட்கார்ந்து வலது காலைத் தூக்கி நீட்டியது.

"உதென்ன காணும்?" வாத்தியார் குடையைக் கேடயம்போல முன்னால் பிடித்தார். "இது எனக்குக் கையெல்லோ தருது!"

"படிச்சவங்கள அதுக்குத் தெரியுதுங்க" என்றேன் நான்.

வேலாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"மூஞ்சியா பாத்துச்சி? சப்பாத்தப் பாத்துச்சி, மனுசா."

அவள் சொன்னது சரி. பங்களாவின் முன்வாசல் வழியாக வருகிறவர்கள் காலை மூடுகிற தோல் சப்பாத்துப் போட்டவர்கள். வெறுங்காலோடு வருகிற நாங்கள் பின்பக்கமாகத்தான் போவோம், எங்கள் மேல்தான் நாயை ஏவுவார்கள். தோட்டத்தில் எங்களில் ஒருத்தர் காலிலும் சப்பாத்து கிடையாது. வாங்கிப் போட்டாலும் பெரட்டில் அதற்குப் பதில் சொல்லி மாளாது.

வாத்தியாரிடம் கெஞ்சினோம். "பழசு ஒரு சோடி கிடக்கு, கொண்டுபோங்கோ. ஆனா உந்த நாய் என்ரை வீட்டுப் பக்கம் வரப்படாது" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் லயத்தில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. அந்த ஒரு சோடிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மரத்தைத் தாண்ட வேண்டியது, அந்தப் பக்கம் போய்க் கழற்றி அடுத்த ஆளுக்கு எறிய வேண்டியது. மலை ஏறி அகன்றுபோன என் பாதம் அதற்குள் நுழையாது, பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தேன். பேச்சியம்மா வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு வாத்து மாதிரிப் போனாள். "கண்டாக்கம்மா வாறாங்க, வழிய விடுங்க!" என்று பின்னால் பெண்கள் கூவினார்கள். மேஜர் எல்லாருக்கும் மரியாதையாகக் கை கொடுத்தது. தண்ணீர் தேவையில்லாதவர்களும் வெறுங்குடத்தோடு நாலு தரம் நடந்தார்கள். நான் சப்பாத்தோடு சோறு வைத்து, சப்பாத்தோடு தடவிக்கொடுத்து, நாய் திருந்திவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் முடிந்த மறுநாள் வேலாயி வெறுங்காலோடு தட்டைக் கொண்டுபோனாள். மேஜர் எகிறிப் பிடித்ததில் அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு இரண்டாகக் கிழிந்தது. சாக்கு இல்லாவிட்டால் தொடை போயிருக்கும்.

அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"சப்பாத்துக்குச் சோத்தப் போட்டா சப்பாத்தத்தான கும்பிடும்? பெரட்டுல நானூறு வெறுங்காலு நிக்குமே, அத்தனைக்கும் மாட்டிவிடுவியா?"

ஒன்பது நாள்தான் மிச்சம். நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து நாயை இன்னும் கெடுத்து வைத்திருந்தோம்.

சப்பாத்து வாத்தியார் வீட்டுக்குத் திரும்பிப் போனது. வேலாயி கயிறு எட்டாத தூரம் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கருவாடு தடவிய ரொட்டித் துண்டைச் செருகி, காலை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேஜர் தொண்டை வறளும்வரை குரைத்தது. அவள் திரும்பவில்லை. வேறெந்தத் தட்டிலும் அன்றைக்குச் சோறு கிடையாது.

மறுநாள் வேலை விட்டு வந்து, கொஞ்சம் கிட்ட நகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி நீட்டினாள். நாய் அவளைப் பார்த்தது, விரலைப் பார்த்தது, மெல்ல மூக்கை நீட்டி ரொட்டியை மட்டும் உருவிக்கொண்டது.

"எண்ணிப் பாரு" என்றாள் என்னிடம், கண்ணைத் திறக்காமல்.

"பத்தும் இருக்குடி!"

அடுத்த நாள் என் முறை. அட்டை கடித்த தழும்பும் பித்தவெடிப்புமாகக் கிடந்த என் கால் தானாக உதறியது. மேஜர் ரொட்டியைத் தின்றுவிட்டு விரலிடுக்கில் ஒட்டியிருந்த கருவாட்டையும் நக்கத் தொடங்கியது. எனக்கு உள்ளங்கால் கூச்சம். நான் போட்ட சத்தத்தில் நாய் பயந்து மரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பேச்சியம்மா சிரித்துச் சிரித்து வடிகானில் விழுந்தாள்.

அதன்பிறகு வரிசை வைக்க வேண்டியதாயிற்று. வேலை விட்டு வந்ததும் கிழடு கட்டைகள் உட்பட எல்லாரும் பாதையோரம் உட்கார்ந்து, விரலிடுக்கில் ரொட்டியோடு காலை நீட்டிவிடுவோம். வேலாயி கயிற்றைப் பிடித்தபடி நாயை ஒவ்வொரு காலாகக் கூட்டிப்போவாள். அந்த நேரம் பார்த்துக் கண்டாக்கையா வந்தார். ஒரு லயமே தம்மை நோக்கிக் காலை நீட்டிக்கொண்டிருப்பதை அவர் அதுவரை கண்டதில்லை.

"யாருக்குடா கால நீட்டுறீங்க?"

"ஒங்களுக்கு இல்லீங்கய்யா, நாய்க்கு" என்றாள் பேச்சியம்மா, காலை மடக்காமல்.

அவர் முகம் போன போக்கில், அந்த நாளைக்குத் துவக்கோடு வந்தே தீருவார் என்று தெரிந்துவிட்டது.

முந்தின நாள் புதுத் துரை பங்களாவுக்கு வந்து சேர, அந்த நாளும் வந்தது. தப்புச் சத்தம் ஓய்ந்தது. பெரட்டுக் களத்தில் இருநூறு பேர். அதில் முக்கால்வாசி மற்ற லயத்து ஆட்கள், நாயிடம் கடி மட்டுமே வாங்கியவர்கள். கண்டாக்கையாவின் பக்கத்தில் இராமையா துவக்கோடு நின்றான். வேலாயி நாயின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"அவுத்து விடு" என்றார் கண்டாக்கையா.

அவள் கயிற்றை அவிழ்த்தாள். மேஜர் ஒரே ஓட்டமாகக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. "ஐயோ!" என்று முன்வரிசை பின்வரிசை மேல் சாய்ந்தது. நாய் குனிந்து முதல் காலை முகர்ந்தது. ரொட்டி இல்லை. இருந்தாலும் கட்டைவிரலை ஒரு நக்கு நக்கிவிட்டு அடுத்த காலுக்குப் போனது. அங்கும் ஒரு நக்கு. "ஏய், கூசுது, கூசுது!" என்று ஒருத்தி துள்ளினாள். வரிசை நெளிந்தது. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். இப்படிச் சிரித்துக்கொண்டு நின்ற பெரட்டை நான் பார்த்ததில்லை.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சிரிப்பு அறுந்தது. புதுத் துரை வந்து இறங்கினார். சின்ன வயசு வெள்ளைக்காரர், முழங்கால்வரை காலுறை, கனத்த சப்பாத்து.

மேஜர் நேரே அவரிடம் போனது. கை கொடுக்கும் என்று நினைத்தோம். கொடுக்கவில்லை. சப்பாத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, கயிற்று முடிச்சைப் பல்லால் கவ்வி இழுத்தது.

இராமையா துவக்கைத் தூக்கினான்.

"கடிக்கல தொரை!" வேலாயி ஓடிப்போய் நடுவில் நின்றாள். "கழட்டுது! உள்ளாற இருக்குற காலத் தேடுது!"

துரை நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துவக்கைக் கீழே இறக்கச் சொல்லிக் கையை அசைத்தார்.

"கால் வேணும்?"

"ஆமாங்க தொரை. வெரலு."

அவர் களத்தோர மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் உருவினார். வெயில் படாத அந்தக் கால் உரித்த பூண்டு மாதிரி இருந்தது. மேஜர் ஆசையோடு நக்க, துரை "நோ! நோ!" என்று கூவிக்கொண்டு மதகின் மேல் புரண்டார். பெரட்டுக் களமே மலை அதிர்கிற மாதிரிச் சிரித்தது. கண்டாக்கையாவுக்குச் சிரிப்பதா, தலையைக் குனிவதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

"இது யார் நாய்?" துரை மூச்சு வாங்கினார்.

"எங்க நாய்ங்க" என்றாள் வேலாயி.

"நல்லா வச்சிக்கோ. துவக்கு வாணாம்." காலுறையை மாட்டிக்கொண்டே கை மணிக்கூட்டைப் பார்த்தவர் சட்டென்று துரையாகிவிட்டார். "ஏய், இன்னும் ஏன் மலைக்குப் போகல்ல? போ, போ!"

ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்தார்கள். கண்டாக்கையா எரிச்சலோடு இராமையாவை ஆபீசுக்கு விரட்டினார். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பாதையில் நடந்தவனை மேஜர் பின்தொடர்ந்தது. அந்தக் குதிகாலை அது இன்னும் பார்க்கவில்லை. அவன் வேகமாக நடந்தான். அதுவும் வேகமாக நடந்தது. அவன் ஓடினான்.

"வேலாயி அக்கா! புடிங்க இத! நக்குது, நக்குது!"

வேலாயி கூடையைத் தூக்கி முதுகில் போட்டாள்.

"நின்னு காலக் குடுடா" என்று கீழேயிருந்து கத்தினாள்.