வெயில் இறக்குதல்

உள்ளே நுழைந்த என்னைப் பார்த்ததும் இர்மா கேட்ட முதல் கேள்வி, "உம் பேரு என்ன, சொல்லு?" என்பதுதான். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது?

"மில்டன். உன் புருசன். போதுமா?"

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை. ஏண்டி, போலீஸ்ல சேந்துட்டியா?"

அதற்கப்புறம்தான் அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. எதற்கு அப்படிக் கேட்டாள் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

நடந்தது இவ்வளவுதான். நானும் கூட்டாளிகளும் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டோம். சுட்ட மீனும் சிவப்பு ஒயினும் உள்ளே போனதும், சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு மணலில் குப்புறப் படுத்தேன். நிழலில்தான் படுத்தேன். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது நிழல் தன்பாட்டுக்கு நகர்ந்துவிட்டது. எங்கள் சால்ட்டோவில் ஜனவரிதான் நடுக்கோடை; அந்த வெயிலைப் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். எழுந்தபோது முதுகு முழுக்கத் தீ. தலைக்குள் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இர்மா என்னைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரை மெதுவாக விட்டாள். ஈரத்துணியைப் பிழியாமல் முதுகில் போட்டாள். முற்றத்துத் தொட்டியிலிருந்து கற்றாழை மடலை வெட்டி வந்து, அதன் சோற்றை விரல் படாமல் முதுகில் வழுக்கவிட்டாள். ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடிக்க வைத்தாள். அதற்குள் பக்கத்து வீட்டு ஸுல்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சமையலறைக் கதவு வழியாக ஒரு தட்டு நிறையத் தக்காளித் துண்டுகளோடு வந்து நின்றாள்.

"அட ஆண்டவனே! இதுல எது தக்காளி, எது மில்டன்?"

"சிரி, சிரி. முதுகு திரும்பட்டும், உன்னப் பாத்துக்கறேன்."

"முதுகே இல்ல, எங்க திரும்பறது?" என்றவள், தட்டை வைத்துவிட்டு இர்மா பக்கம் சாய்ந்தாள். "கத்தாழையெல்லாம் தோலுக்குத்தான், இர்மா. தலைக்குள்ள போன வெயில யாரு எறக்கறது? இந்தக் கைய வச்சுக்கிட்டு…" பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இர்மா தக்காளியை ஒவ்வொன்றாக என் தோளில் அடுக்கினாள். ஸுல்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு காலத்தில் கோடை வந்தால் எங்கள் வாசலில் ஆள் இல்லாத நாள் கிடையாது. ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், கூரை வேய்கிறவர்கள், ஆற்றில் ஆட்டம் போட்டுவிட்டு வந்த பொடிசுகள் எல்லாரும் வருவார்கள். உச்சந்தலையில் மடித்த துண்டு, அதன்மேல் தண்ணீரோடு கவிழ்த்த கண்ணாடி டம்ளர். இர்மா அதைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பாள். தண்ணீருக்குள் கொதிப்பதுபோலக் குமிழி கிளம்பும். அதுதான் தலையைவிட்டு ஏறிப்போகிற வெயில். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அவளுடைய அத்தை அவள் காதில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அவை. எனக்குக்கூடச் சொன்னதில்லை. நானும் சும்மா இருந்ததில்லை. "நல்லாக் கொதிச்சுதுன்னா சொல்லு, அதுலயே மாத்தே இலையப் போட்டு டீயாக் குடிச்சுடலாம்" என்பேன்.

பிறகு ஒரு கோடையில் அவள் தம்பி ஓமரைத் தோட்டத்திலிருந்து தூக்கி வந்தார்கள். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. இர்மா டம்ளரைக் கவிழ்த்தாள். குமிழி வரவில்லை. தண்ணீரை மாற்றி மறுபடி கவிழ்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் அவள் இன்றுவரை வாழ்கிறாள். அடக்கத்தின்போது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதற்கப்புறமும் இல்லை. வாசலுக்கு வந்தவர்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினாள். அந்த டம்ளர் அலமாரியில் கவிழ்ந்தபடியே இருந்தது.

பொழுது சாயத் தொடங்கியது. முதுகு கொஞ்சம் அடங்கியிருந்தது, தலை அடங்கவில்லை. எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"இர்மா, எறக்கி விடேன்."

அவள் திரும்பினாள். "நீயா கேக்குற?"

"நான்தான்."

"கேலி பண்ணாத, கிழவா."

"சத்தியமா இல்ல."

கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே வைத்தாள். "அந்த வார்த்தை வாயில வருமான்னே தெரியல."

"வரலைன்னா சும்மா டம்ளரை மட்டும் புடிச்சுக்க."

"பொழுது எறங்கறதுக்குள்ள தலைவலி கொறையலைன்னா ஆஸ்பத்திரி. மல்லுக்கட்டக் கூடாது."

"சரி."

"ஓமர் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டம்ளரைக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டை வைத்தாள். டம்ளரின் கனம் உச்சந்தலையில் இறங்கியது. எதிரே பீரோக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. அவள் உதடு பிரிந்தது, மூடியது. மறுபடி பிரிந்தது. பிறகு அசைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் அசையாமல் நின்றது. வா, வா என்று எனக்குள் கெஞ்சினேன். யாரைக் கெஞ்சினேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் கூட்டமாக.

நான் குழாய் வேலை செய்கிறவன். துணியில் தண்ணீர் கசிந்தால் அந்த இடத்துக்குக் காற்று ஏறத்தான் ஏறும், அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. இத்தனை நாள் இந்த வீட்டில் என் மூக்குக்கு முன்னால் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் மாத்தேக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறேன்.

இர்மாவுக்குக் கொட்டாவி வந்தது. வெயில் இறங்கும்போது அவளுக்குக் கொட்டாவி வரும், கண்ணில் நீர் கோக்கும், எப்போதும் அப்படித்தான். ஆனால் இந்தக் கொட்டாவி பாதியில் உடைந்தது. அவள் தோள் குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. கையிலிருந்த டம்ளர் மட்டும் குலுங்கவில்லை.

முதல் சொட்டு என் வெந்த தோளில் விழுந்தது. உப்பு. நெருப்புக் கங்கு வைத்ததுபோல் எரிந்தது. நான் நகர்ந்தால் அவள் நிறுத்திவிடுவாள். நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன. அடுத்த சொட்டு விழுந்தது.