நாலு தையல், ஒரு முடிச்சு

பின்கட்டு அறையில் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த வூர்யானியின் கையிலிருந்து டார்ச் நழுவி விழுந்தது. உருண்டுபோய்ச் சுவரோரமாகப் படுத்துக்கொண்ட டார்ச்சின் வெளிச்சம் சுவரை ஒட்டிக் கிடையாகப் பாய்ந்தது. நேராக அடித்தால் கண்ணுக்கே தெரியாத கீறல்கள் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நின்றன. நாலு சின்னக் கோடுகள், ஐந்தாவதாக முடிச்சு மாதிரி ஒரு குறி. மறுபடி நாலு கோடு, ஒரு முடிச்சு. தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் தோள் உயரத்தில், ஊசி முனையால் கீறியதுபோல அத்தனை மெலிசு. அவள் டார்ச்சை எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தாள்.

டச்சுக்காரர்களின் சர்க்கரைக் கம்பெனி கட்டிய கட்டடம் அது. இப்போது சர்க்கரை மியூசியம். கட்டியபோது சுவர்கள் என்ன நிறத்தில் இருந்தனவோ அதே நிறத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. அதற்காக ஒவ்வொரு அறையிலும் ஒரு சாண் இடத்தில் பூச்சை அடுக்கடுக்காக வெட்டி, படி மாதிரி இறக்குவது வூர்யானியின் வேலை. மேல்படியில் போன தடவை அடித்த மஞ்சள். அதற்குக் கீழே ஆஸ்பத்திரிப் பச்சை. அதற்கும் கீழே அழுக்கு வெள்ளை, பிறகு சாம்பல் நிறம். கடைசிப் படியில் டச்சுக்காரனின் பால் வெள்ளை. பத்தொன்பது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறாள். மற்ற அறைகளையெல்லாம் முடித்துவிட்டு இந்த அறையைக் கடைசிவரை தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவளும் அவள்தான். கீறல்கள் அழுக்கு வெள்ளையில் இருந்தன. அறுபதுகளில் அடித்த சுண்ணாம்பு அது.

அந்த அறையைப் பற்றிப் பேச்சு உண்டு. சாயங்காலம் நாலு மணி வாக்கில் அங்கே கரி இஸ்திரிப் பெட்டியின் வாடை வரும் என்பார்கள், சூடான பருத்தித் துணியில் தண்ணீர் தெளித்த வாடை. ஆளில்லாத அறைதான், ஆனாலும் வாசலில் நின்று ‘உள்ளே வரலாமா’ என்று கேட்காமல் யாரும் நுழைவதில்லை. வீடுகளில் என்றால் மூன்று தடவை கேட்டு, பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். மியூசியத்துக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒரு தடவை முணுமுணுத்துவிட்டு, பதில் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே மளமளவென்று நுழைந்துவிடுவார்கள். காவல்காரர் த்ருபுஸ் மட்டும் அந்த வாடையைச் சொல்லிச் சிரிப்பார்.

“என்ன பேயோ தெரியல, வூர்யானிம்மா. என் பொண்டாட்டிகூட இவ்வளவு ஒழுங்கா துணி தேச்சதில்ல.”

வூர்யானியும் கூடச் சிரித்துவைப்பாள். அவளுடைய அப்பா பார்மின் ஒரு தையல்காரர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆபீஸ் காகிதங்களில் அப்பா என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருந்தது. அப்படி எழுதாமல் அந்தக் காலத்தில் அவளுக்கு எந்த வேலையும் கிடைத்திருக்காது. அறுபத்தைந்தாம் வருஷக் கலவரத்தில் செங்கொடிக் கட்சிக்காரர்கள் என்று பெயர் வந்தவர்களை எல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். கட்சிக் கூட்டத்துக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவரையும் விடவில்லை. அவர்களை அடைத்துவைத்த இடங்களில் இந்தக் கட்டடமும் ஒன்று. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

அப்பா திரும்பி வரவில்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. அதுதான் அந்த வீட்டில் நாற்பத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கும் துக்கம். ஒருவர் இறந்தால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஓதிச் சோறு போட்டு, ஆயிரமாவது நாளோடு வழியனுப்பி வைப்பார்கள். ஆயிரத்தை எண்ண ஒரு முதல் நாள் வேண்டுமே. நோன்புக்கு முந்தைய மாதம் ஊரே பூப்பொட்டலத்தோடு கல்லறைக்குப் போகும்போது அம்மா சுமியாத்தியும் ஒரு பொட்டலம் வாங்குவாள். போக இடமில்லாமல் அது அடுக்களை ஜன்னலிலேயே வாடும். தினம் காலையில் அப்பாவுக்கென்று மூடி போட்ட கோப்பையில் ஒரு காப்பி மேஜையின் ஓரத்தில் வைக்கப்படும். மத்தியானம் அதை வாழைமரத்தடியில் ஊற்றுவாள்.

மறுநாள் வூர்யானி கத்தியைப் படுக்க வைத்து, மேலிருந்த பூச்சுகளை ஒரு முழ நீளத்துக்குச் செதில் செதிலாக எடுத்தாள். நாலு தையல், ஒரு முடிச்சு. அதே வரிசை மூன்று தடவை. அதற்குப் பிறகு மூன்று கோடுகள் மட்டும். அப்புறம் வெறும் சுவர். அம்மாவின் பெட்டியில் அப்பா கையால் தைத்த ரவிக்கை ஒன்று இருக்கிறது. அதன் உள்பக்கம் நாலு ஓட்டம் ஓடி ஐந்தாவதில் நூலை முடிந்திருப்பார். சின்ன வயதில் காய்ச்சல் வந்து கிடக்கும்போதெல்லாம் விரலால் அதைத் தடவித் தடவித்தான் அவள் தூங்கியிருக்கிறாள். சுவரிலும் விரலை வைத்து அதேபோலத் தடவிப் பார்த்தாள்.

ஊரில் தையல்காரர் ஒருவர்தானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். மதிலுக்குப் பின்னால் அப்போது சந்தை இருந்தது. லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவோன் என்று ஐந்து நாளில் சுற்றி வரும் கணக்கில் பொன் நாளன்று கூடுகிற சந்தை. அடைபட்டுக் கிடந்தவனுக்குச் சந்தை இரைச்சல்தான் நாள்காட்டி. அப்படியென்றால் ஒவ்வொரு முடிச்சும் பொன் நாளில் விழ வேண்டும். அப்பாவைக் கொண்டுபோனது வெள்ளி வாகே இரவு என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பழைய பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்தாள். டிசம்பர் மூன்று, வெள்ளி. மறுநாள் சனிக்கிழமையிலிருந்து கோடுகளை எண்ணினாள். முடிச்சு பொன்னில் விழவில்லை, வாகேயில் போய் விழுந்தது. மூன்றும் அப்படியே.

அப்பாவுடையது இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள், த்ருபுஸின் கேலிக்கு மறுகேலி பேசினாள். இப்படி நிம்மதிப்படுகிற மகளும் உண்டா என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது மாலைத் தொழுகை அழைப்பு கேட்டது. எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி, இன்றைக்குத்தான் கிளிவோன் ஆரம்பமாகிவிட்டதே, ஊதுபத்தி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். காலண்டர்படி கிளிவோன் நாளைக்குத்தான். வூர்யானி தெருவிலேயே நின்றுவிட்டாள். சூரியன் விழுந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. ஆபீஸ் கடிகாரத்தோடு பத்தொன்பது வருஷம் வாழ்ந்தவளுக்குத்தான் வெள்ளி இரவு என்றால் வெள்ளிக்கிழமை இரவு. அம்மா வாயில் அது வியாழன் பொழுது சாய்ந்த இரவு. அப்படியானால் முதல் கோடு வெள்ளிக் காலை. விரல் விட்டு எண்ணினாள். முதல் முடிச்சு பொன். இரண்டாவது பொன். மூன்றாவதும் பொன். கடைசிக் கோடு டிசம்பர் இருபது, திங்கள் லெகி.

நோன்பு மாதம் பிறக்க நாலு நாள் முன்னால். அதுதான் அவளை அடித்துப் போட்டது. அம்மா தினமும் அடுக்குத் தூக்கில் சோறும் மீனும் கட்டிக்கொண்டு போய் இந்தக் கட்டடத்துக் கேட்டில்தான் கொடுத்திருக்கிறாள். முப்பது நோன்புக்கும், அவர் நோன்பு திறக்க, பெருநாளுக்கு முந்தின நாள் வரைக்கும். தினமும் வாங்கிக்கொண்டார்கள். தினமும் தூக்கு காலியாகத் திரும்பி வந்தது. அம்மா வாழ்நாளெல்லாம் பெருமையாகச் சொல்வது இந்த ஒன்றைத்தான். அவர் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை என்பாள். நாளைச் சொன்னால் ஆயிரமாவது நாளைக் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சோற்றை அல்லவா அம்மாவிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கும்?

மரியாதைக்கு எல்லோரும் ‘பாக்’ என்று கூப்பிடும் மியூசியத் தலைவர் விந்தர்த்தோ சுவரைப் பார்க்க வந்தார். வாசலில் வழக்கம்போல முணுமுணுத்துவிட்டு நுழைந்து, முட்டி போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். கெட்டவர் இல்லை, மேலிடத்துக்குப் பயந்தவர்.

“இது சக்கர மியூசியம், வூர்யானி. வர்றவங்க இது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? பேரு எதுனா இருக்கா?”

“பேரு தெரியல, பாக்,” என்றாள். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் அறை முழுக்கப் பால் வெள்ளை அடித்துவிடச் சொன்னார். சுண்ணாம்புதானே, மேலே அடித்தாலும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும் என்று ஆறுதலும் சொன்னார். போகும்போது அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. அடிக்க வேண்டிய கை அவளுடையது.

புதன்கிழமை காலை அம்மா காப்பிக் கோப்பையை மூடிக்கொண்டிருந்தாள். வூர்யானிக்குப் பொறுக்க முடியவில்லை. சுவரையும் கோடுகளையும் சொன்னாள். முடிச்சுகளைச் சொன்னாள். கடைசிக் கோடு திங்கள் லெகி என்பதையும் சொன்னாள். அம்மா கோப்பையின் மூடியைச் சரியாகப் பொருத்தி வைத்தாள்.

“திங்க லெகியா?” என்றாள். “அப்ப சரிதான். செவ்வாய் பாஹிங்லேருந்துதான் தலை வரல.”

வூர்யானிக்கு ஒன்றும் புரியவில்லை.

“மீன் தலைடி. உங்கப்பா தலைய சாப்பிட மாட்டாரு, எனக்குப் பிடிக்கும்னு ஒதுக்கி வச்சிருவாரு. உள்ள போனப்புறமும் வச்சாரு. தினம் தூக்குச் சட்டியத் தொறந்தா அடியில ஒரு தலை கெடக்கும். வழியிலயே ஒக்காந்து சாப்பிட்டுட்டு வருவேன். அந்தச் செவ்வாக்கெழம தொறந்தேன், வழிச்சு நக்கி வச்சிருந்துச்சு.”

“தெரிஞ்சுமா, அம்மா? ஒரு மாசத்துக்கு மேலயா தூக்கிட்டுப் போன?”

“யாரோ பசிச்சவன்தானே தின்னான். உள்ள இருந்தவனோ, காவல் நின்னவனோ. நான் நிறுத்திட்டா அவரு போயிட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ல.” அம்மா மேஜையைத் துணியால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். “ஒரு மீன் தலைய நம்பி மனுசனுக்கு ஆயிரம் நாள் கொடுக்க முடியுமாடி, வூர்?”

வூர்யானி அழுதாள். அம்மா அழவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அந்தச் சுவர் அப்பாவே எழுதி வைத்த கையெழுத்தல்லவா என்று மகள் கேட்டபோது, அம்மா துடைத்த துணியோடு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் த்ருபுஸ் வந்து, கேட்டில் ஒரு பெரியம்மா நிற்பதாகவும், டிக்கெட் வேண்டாம் என்றாலும் கேட்காமல் டிக்கெட் வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார். வூர்யானி சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். அம்மா அந்த ரவிக்கையைப் போட்டிருந்தாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் தோள்பட்டை தளர்ந்து, ரவிக்கை சட்டை மாதிரி தொங்கியது. கையில் பூப்பொட்டலம். கேட்டுக்கு இந்தப் பக்கம் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. இயந்திரங்களையும் கரும்பு வண்டியையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளுக்குப் பின்னால் நடந்தாள்.

அம்மாவை யாரென்று அறிமுகப்படுத்துவது என்ற யோசனை வூர்யானிக்கு வந்தது. த்ருபுஸ் கூடவே வந்துகொண்டிருந்தார்.

“எங்கம்மா,” என்றாள். “உள்ள இருக்கறது எங்கப்பா எழுதினது.”

த்ருபுஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாலு மணி ஆகியிருந்தது. வூர்யானி அறை வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள். அம்மா உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிலைப்படிக்கு வெளியே நின்று, அடுத்த வீட்டுக்குப் போனவள் மாதிரி சாதாரணக் குரலில் கேட்டாள்.

“உள்ள வரலாமா?”

கேட்டுவிட்டு நின்றாள். உள்ளே மேற்குச் சுவரில் பாதிக்குப் பால் வெள்ளை ஏறியிருந்தது. ஈரம் காயவில்லை. கீழே ஒரு முழ நீளம் மட்டும் அழுக்காக மிச்சமிருந்தது.

இரண்டாவது தடவை கேட்டாள். பதில் வருவதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். மதிலுக்குப் பின்னால் சந்தை இருந்த இடத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள், அங்கிருந்தும் சத்தமில்லை. த்ருபுஸ் மூக்கை உறிஞ்சினார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இதற்கும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும், அம்மா முறை தவறாதவள், திரும்பித்தான் போவாள் என்று வூர்யானிக்குத் தெரியும். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மகளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அம்மா சரி என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். பூப்பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.